பரிமளாவின் கட்டைவிரல்

வீரன் என் கூடப் பொறந்த தம்பி. அதனால அவனைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுவேன்னு நெனைச்சிகினு உக்காந்திருந்தீங்கன்னா, இப்பவே எழுந்து போயிடுங்க. எனக்கு வாய் நீளம்னு முள்ளிப்பட்டுல எல்லாருக்கும் தெரியும். ஸ்கூல்ல சமைக்கிற பொன்னியம்மாள்னா புள்ளைங்க தட்டை நீட்டும், பெரியவங்க ஒதுங்கிப் போவாங்க. ஆனா நான் சொல்ல வந்தது என் கதையும் இல்ல, அந்தக் கட்டையில போறவன் கதையும் இல்ல. அவன் பொண்டாட்டி பரிமளா கதை.

பரிமளா சந்தவாசல் பொண்ணு. பத்தாவது வரைக்கும் படிச்சவ. கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். கல்யாணம் ஆகி இங்க வந்தப்புறம் பாவு பிணைக்கக் கத்துகினா. பாவுன்னா பட்டுத் தறியில நீளவாக்குல ஓடற நூலு. பழைய பாவு முடியப் போற நேரத்துல, புதுப் பாவோட ஒவ்வொரு இழையையும் பழைய இழையோட சேக்கணும். ஆயிரக்கணக்குல இழை. முடிச்சு போடக் கூடாது, போட்டா சீப்பு மாதிரி இருக்கற அச்சுப் பல்லுல மாட்டிக்கும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சாம்பல்ல தொட்டு ஒரே ஒரு முறுக்கு. அவ்ளோதான், புடிச்சிக்கும். அந்த வேலையில இவளை மிஞ்ச ஆளே கிடையாது. கண்ணு எங்கியோ இருக்கும், விரலு பாட்டுக்கு ஓடிகினே இருக்கும். எந்த வூட்டுல பாவு மாத்தினாலும் ஜல்தியா பரிமளாவைக் கூப்பிடுன்னுதான் சொல்லுவாங்க.

வீரன் களம்பூர் ரைஸ் மில்லுல மூட்டை தூக்கறவன். முரடன். பஸ்ல இடம் விடலைன்னு ஒரு ஆளோட மூக்கை உடைச்சவன். லாரி டிரைவரு ஏதோ சிரிச்சிட்டான்னு கண்ணாடியைக் கல்லால அடிச்சவன். வெளியில ஆள் கிடைக்கலைன்னா வூட்டுல பரிமளா இருப்பா. எங்க ரெண்டு வூட்டுக்கும் நடுவுல ஒத்தைச் சுவருதான். அந்தப் பக்கம் அவ தலை சுவத்துல மோதினா இந்தப் பக்கம் என் அலமாரியில டம்ளர் ஆடும். நான் போவேன், சண்டை போடுவேன், கரண்டியாலயே அவனைப் போட்டிருக்கேன். அப்பால அவன் அழுவான். "அக்கா, இனிமே கை நீட்ட மாட்டேன்"னு என் காலைப் புடிப்பான். அந்தக் கையே மறுவாரம் நீளும். என்னிக்காவது ஒருநாள் இவன் இவளைக் கொன்னுடுவான்னுதான் எனக்கு நெனப்பு. பாத்திரம் தேய்க்கும்போதும் அதே நெனப்பு, சோறு வடிக்கும்போதும் அதே நெனப்பு.

போன தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. மத்தியானம். கொழம்புல போட்ட முட்டை உடைஞ்சிருந்துச்சாம். அதுக்குத்தான். தட்டை அவ மூஞ்சியில விட்டெறிஞ்சிருக்கான். அவ என் வூட்டுக்கு ஓடியாறதுக்கு வாசக்கதவுகிட்ட வந்து நிலையைப் புடிச்சிருக்கா. அந்தக் கை மேலயே கதவைச் சாத்துனான். அவ கத்துன கத்துல நான் சோத்துக் கையோட கரண்டியைத் தூக்கிகினு ஓடினேன். நான் போய்ச் சேர்றதுக்குள்ள கதவைத் தொறந்து மறுபடியும் சாத்துனான். என் கண்ணால பாத்தேன். எலும்பு நொறுங்கற சத்தம் கேட்டிருக்கீங்களா? கேக்கவே கூடாது. நான் அவன் பிடரியில சாத்தின சாத்துல கரண்டிக் காம்பு வளைஞ்சிடுச்சு. அவனுக்கு ஒண்ணும் ஆகல. அவளுக்கு வலது கை கட்டைவிரலு தொங்கிச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டரு, "எப்படிம்மா ஆச்சு?"ன்னாரு.

"கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு சார்"னா பரிமளா.

நான் வாயைத் தொறந்தேன். அவ இடது கையால என் முழங்கையை அழுத்தினா. "வேணாம் அண்ணி. பையன் படிக்கிறான். அவரு ஜெயிலுக்குப் போனா அவனை எல்லாரும் இன்னா சொல்லிக் கூப்பிடுவாங்க?"

மாவுக்கட்டு போட்டாங்க, பிரிச்சாங்க. விரலு கோணலா சேந்து நின்னுடுச்சு. மடங்கவும் மடங்காது, நிமிரவும் நிமிராது. இழை முறுக்க முடியாது, கரண்டி புடிக்க முடியாது, பேனா கூட நிக்காது. பிணைக்கிற வேலை போச்சு. அப்பால இன்னா ஆச்சு தெரியுமா? அவ பையன் கிரண் இருக்கானே, அஞ்சாவது படிக்கிற பொடியன், அவன் காலையில ஸ்கூலுக்கு வர்றதுக்கு முன்னால அம்மா பக்கத்துல உக்காந்துகினு அவ கைக்குப் பதிலா முறுக்குவான். அவ இழையை எடுத்து எடுத்துக் குடுப்பா, இவன் முறுக்குவான். சோறு வாங்க வரும்போது பாப்பேன், விரலு நுனியெல்லாம் சாம்பல். "கழுவிட்டு வாடா"ன்னு தொரத்துவேன். எனக்கு அவன் மேல கோவம் இல்ல. அவன் அப்பனைத்தான் கழுத்தைத் திருகணும்னு இருக்கும்.

இப்படி இருக்கச்சொல்லதான் ரீனா டீச்சர் ராக்கெட் விடலாம்னு ஆரம்பிச்சாங்க. ஆரணியிலேர்ந்து ஸ்கூட்டியில வர்ற டீச்சரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாடுவாங்க, மத்த நாள்ல புள்ளைங்களோட மண்ணுல உருளுவாங்க. கலர் பாட்டிலைக் கவுத்து, அட்டையில றெக்கை வெட்டி ஒட்டி, பாட்டில்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி, வாயில ரப்பர் தக்கை வெச்சு, சைக்கிள் பம்புல காத்தடிக்கணும். காத்து முட்டி, தண்ணியைப் பீச்சிகினு மேல கிளம்பும். புள்ளைங்களுக்குப் பைத்தியமே புடிச்சிடுச்சு. ஊர்ல ஒரு காலி பாட்டில் மிச்சமில்ல. என் அடுப்படியில எண்ணெய் வெச்சிருந்த பாட்டிலைக் கூட எவனோ அடிச்சிகினு போயிட்டான்.

கிரணும் ஒண்ணு செஞ்சான். வகுப்புக்கு வெளியில காய வெச்சிருந்தான். அஜித்துன்னு ஒரு பையன், வேணும்னு செய்யல, அது மேல உக்காந்துட்டான். றெக்கை நசுங்கிப் போச்சு. நான் பருப்பு கடைஞ்சிகினு இருந்தேன். சத்தம் கேட்டு எட்டிப் பாத்தா, கிரண் அந்தப் பையன் முடியைக் கொத்தாப் புடிச்சு சுவத்துல மோதறான். ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. பல்லைக் கடிச்சிகினு, கண்ணுல தண்ணி இல்லாம. அஜித் நெத்தியிலேர்ந்து ரத்தம் வழிஞ்சு காலரு நனைஞ்சிடுச்சு. நான் போய் கிரண் கையைப் பிரிக்கிறேன், பிரியவே மாட்டேங்குது. முடியைச் சுருட்டிப் புடிச்ச அந்தப் புடி இருக்கே, அது அப்படியே வீரன் புடி.

சாயந்தரம் பரிமளாகிட்ட சொன்னேன். அவ அழல. அந்தக் கோண விரலைத் தடவிகினே சொன்னா: "எனக்கு அடி வாங்கிப் பழகிடுச்சு அண்ணி. இவனுக்கு அடிச்சுப் பழகக் கூடாது. அதுக்கு மட்டும்தான் நான் இந்த வூட்டுல உசுரைக் கையில புடிச்சிகினு கிடக்கிறேன். இவனும் அவரு மாதிரி ஆயிட்டா நான் வாங்கினதெல்லாம் எதுக்கு?"

மறுநாள் பையனை இழுத்துகினு அஜித் வூட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்க வெச்சா. ஸ்கூலுக்கும் வந்தா. ரீனா டீச்சர் கிரணைப் பத்திப் பேசறதை விட்டுட்டு அவ விரலையே பாத்தாங்க. "இது எப்படிங்க ஆச்சு?"ன்னு கேட்டாங்க. பரிமளா கதவு இடுக்குன்னா. டீச்சர் குரலை எறக்கி, "போலீஸ்ல சொல்லலாங்க. நான் கூட வரேன்"னாங்க. பரிமளா வேணாம்னுட்டு கிளம்பிட்டா. இதை வராண்டாவுல நின்ன எவளோ ஒருத்தி கேட்டுகினு போய் டீக்கடை வரைக்கும் பரப்பிட்டா. அவ நாக்கு அழுகிப் போக.

ராக்கெட் விடற நாளு வந்துச்சு. அம்மா அப்பாங்களை எல்லாம் கூப்பிட்டிருந்தாங்க. பலகையில ரெண்டு ஆணி அடிச்சு, பாட்டில் கழுத்தை ஒரு கயித்து வளையத்தால ஆணியோட இறுக்கிப் புடிச்சிருப்பாங்க. வளையத்துல தொங்கற நீளக் கயித்தைத் தூர நின்னு இழுத்தா, வளையம் ஆணியிலேர்ந்து கழண்டு பாட்டில் கிளம்பும். மத்த புள்ளைங்க நைலான் கயிறு வாங்கி முடிச்சு போட்டுகினு வந்தாங்க. கிரண் தறி வூட்டுல கழிச்சுப் போட்ட பட்டு நூலைத் திரிச்சு வளையம் பண்ணியிருந்தான். வளையத்தோட ரெண்டு முனையையும் எப்படிச் சேத்திருந்தான்ற? முடிச்சு இல்ல. ஒவ்வொரு இழையா சாம்பல் தொட்டு முறுக்கி, பாவு பிணைக்கிற மாதிரியே பிணைச்சிருந்தான். டீச்சர் இழுத்துப் பாத்தாங்க. கெட்டியாத்தான் இருந்துச்சு. எங்க ஊர்ல யாரைக் கேட்டிருந்தாலும் சபாஷ்னுதான் சொல்லியிருப்பாங்க. தறியில நூல் நனையாது, ராக்கெட்டுல நனையும்ன்றது எங்கள்ல ஒருத்தருக்கும் தோணல.

சார்லின்னு ஒரு பையனோடது வேப்பமரத்தைத் தாண்டிப் போச்சு. ஒரே கூச்சல். ஸ்டெஃபியோடது பக்கவாட்டுல ஓடி என் காலைச் சுத்திச்சு. கடைசியில கிரண். பாட்டிலை மாட்டி காத்தடிச்சான். பரிமளா சிரிச்சிகினே கூட்டத்துல முன்னால வந்து நின்னா. அவ சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சு. தக்கை ஓரமா தண்ணி கசிஞ்சு சொட்டு சொட்டா கயித்து மேல விழுந்துகினு இருந்துச்சு. கிரண் இழுக்கிற கயித்தைக் கையில எடுத்தான்.

அப்பத்தான் ஸ்கூல் கேட்டு படார்னு தொறந்துச்சு. வீரன்.

மில்லுலேர்ந்து நேரா வந்திருக்கான். சட்டையில்ல, உடம்பெல்லாம் தவிட்டுத் தூசி, வாயில சாராய நாத்தம். இடுப்புல மூட்டை குத்தித் தூக்கற இரும்புக் கொக்கி. "எங்கடி அவ? போலீசுக்குப் போறியா நீ? எனக்கு வெலங்கு மாட்டப் போறியா?"ன்னு கத்திகினே வந்தான். கூட்டம் சிதறிச்சு. ஆம்பளைங்க அத்தனை பேரு நின்னாங்க, ஒருத்தன் வரணுமே! ஒருத்தனும் வரல.

பரிமளா முடியைப் புடிச்சு முழங்கால் மண்ணுல தேய இழுத்தான். வயித்துல எட்டி உதைச்சான். அவ சுருண்டு விழுந்தா. மறுபடியும் அதே இடத்துல உதைச்சான். ரீனா டீச்சர் குறுக்க வந்து, "விடுங்க, விடுங்க அவங்களை!"ன்னு அவன் கையைப் புடிச்சாங்க. ஒரே தள்ளு. டீச்சர் பின்னால போய் விழுந்தாங்க, முழங்கை சிராய்ஞ்சு ரத்தம். நான் அடுப்படிக்கு ஓடிக் கரண்டியை எடுத்துகினு வந்து அவன் முதுகுல ஓங்கிப் போட்டேன். திரும்பினான். அக்காவாச்சேன்னு கூடப் பாக்கல, என் நெஞ்சுல மிதிச்சான். நான் ராக்கெட் பலகை கிட்ட போய் விழுந்தேன். மூச்சு வரல. கிரண் கயித்தைப் போட்டுட்டு, "யம்மா"ன்னு ஓடினான். வீரன் அவனை ஒரு அறை விட்டான். பையன் காதைப் புடிச்சிகினு உருண்டான். வீரன் மறுபடியும் பரிமளாகிட்ட ஓடற ஓட்டத்துல பலகையை வேற எட்டி உதைச்சிட்டுப் போனான். பலகை சாஞ்சு, பாட்டில் மூக்கு அவன் பக்கமே திரும்பி நின்னுச்சு.

அவன் கொக்கியை உருவினான். பரிமளா தலைக்கு மேல ஓங்கினான்.

நான் எல்லாத்தையும் தரையில கிடந்துகினு பாத்தேன். இழுக்கிற கயிறு என் மூஞ்சிக்கு நேரா மண்ணுல அநாதையா கிடந்துச்சு. அதை யாரும் தொடல. என் கண்ணு முன்னாலயே, ஊறிப்போன அந்தப் பிணைப்பு ஒவ்வொரு இழையா வழுக்கிச்சு. அப்பால மொத்தமா விட்டுச்சு.

சர்ர்ருன்னு ஒரு சத்தம். தண்ணி எல்லார் மேலயும் அடிச்சுது. பாட்டில் போய் வீரன் தாடையில மோதினப்ப, கதவு சாத்தினப்ப கேட்ட அதே சத்தம் கேட்டுச்சு. அவன் கொக்கியோட மல்லாக்க விழுந்தான். பின்மண்டை கொடிக்கம்பத்து மேடையில இடிச்சுது. வாயைத் தொறந்தான், ரத்தமும் பல்லும் கொட்டுச்சு. எழுந்திருக்கப் பாத்தான். முடியல. அந்த மைதானத்துல அவன் விழுந்து கிடக்கறதை அன்னிக்குத்தான் எல்லாரும் மொத தடவையா பாத்தாங்க. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. தம்பிதான், ஆனா இருந்துச்சு, மறைக்க மாட்டேன்.

ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போச்சு. தாடையை ஆடாம இறுக்கிக் கட்டிப் படுக்க வெச்சாங்க. பேச முடியாது, கண்ணு மட்டும் உருளும். அந்தக் கண்ணே இன்னா பேச்சு பேசுது தெரியுமா! பரிமளாவுக்கும் வயித்துல ஸ்கேன் எடுத்தாங்க, நல்லவேளை உள்ள ஒண்ணும் கிழியல. டாக்டர் தகவல் சொல்லி சாரான்னு ஒரு பொம்பளைக் கான்ஸ்டபிள் பேப்பரும் பேனாவுமா வந்தாங்க. சின்னப் பொண்ணுதான், ஆனா குரலு கறாரு.

"ராக்கெட்டை யாரு விட்டது?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள கிரண் முன்னால வந்தான். கன்னம் வீங்கி, காது செவந்து கிடந்துச்சு.

"நான்தான் இழுத்தேன். அப்பா மேலதான் விட்டேன்."

அட பாவிப் பயலே! அவன் அப்பனை நேராப் பாத்துகினு சொன்னான். அதுல பயம் இல்ல, வருத்தம் இல்ல. அஜித் மண்டையைச் சுவத்துல மோதினப்ப இருந்த அதே மூஞ்சி, அதோட கொஞ்சம் பெருமை வேற. கட்டில்ல கிடந்த வீரன் கண்ணு மொத தடவையா தாழ்ந்துச்சு. அவன் பயந்துட்டான். பையன் அதைப் பாத்துட்டான். பாத்ததும் இன்னும் நிமிர்ந்து நின்னான்.

பரிமளாவும் பாத்துட்டா. வயித்தைப் புடிச்சிகினு பெஞ்சுலேர்ந்து எழுந்து வந்து பையனைத் தன் பின்னால தள்ளினா.

"இவன் பொய் சொல்றான் மேடம். இவன் இழுக்கல. நான்தான் இழுத்தேன்."

"யம்மா!"ன்னான் கிரண்.

"கம்முனு இரு. அடிக்கிறது உன் வேலை இல்ல."

கான்ஸ்டபிள் எங்களை மாத்தி மாத்திப் பாத்தாங்க. "நீங்க கீழ விழுந்து கிடந்தீங்களாமே?"ன்னு பரிமளாவைக் கேட்டாங்க.

எனக்குப் பொறுக்கல. "யாரும் இழுக்கலைங்க. கயிறு என் மூஞ்சிக்கு நேராக் கிடந்துச்சு. பிணைப்பு தண்ணியில ஊறி வுட்டுகினு போச்சு, அவ்ளோதான். இந்தா பாருங்க"ன்னு மடியிலேர்ந்து அந்த வளையத்தை எடுத்துப் போட்டேன். வரும்போதே பொறுக்கிகினு வந்திருந்தேன். முனை ரெண்டும் பிரிஞ்சு, சாம்பல் சேறா ஒட்டிகினு இருந்துச்சு.

பரிமளா அதைக் கையில எடுத்தா. பையன் முறுக்கின முறுக்கை இடது கை விரலால தடவிப் பாத்தா. அவளுக்குத் தெரியாதா, அவ கை செய்ய வேண்டிய வேலை அது. அந்தக் கை போனதாலதான் இவன் முறுக்கக் கத்துகினான், இவன் முறுக்கினதாலதான் அது வழுக்குச்சு, அது வழுக்கினதாலதான் வீரன் இங்க கிடக்கறான். அவ வீரனை நிமிர்ந்து பாத்தா. இத்தனை வருஷத்துல அவ அவனை அப்படிப் பாத்து நான் பாத்ததில்ல.

"சரி மேடம். யாரும் இழுக்கலைன்னே எழுதிக்குங்க. ஆனா அதுக்கு முன்னால இதை எழுதுங்க"ன்னு வலது கையை நீட்டினா. "இது கதவு இடுக்குல தானா மாட்டல. இவன்தான் கதவைச் சாத்துனான். தொறந்து மறுபடியும் சாத்துனான்."

எப்பவும் அவரு, இவருன்னுதான் சொல்லுவா. அன்னிக்கு இவன்னா. வீரன் கட்டுக்குள்ள ஏதோ உறுமினான். எழுந்திருக்கப் பாத்தான். நான் கட்டில் ஓரமா போய் நின்னேன். "படுடா நாயே"ன்னேன். படுத்துகினான்.

கான்ஸ்டபிள் சாரா உக்காந்து எழுதினாங்க. பரிமளா ஒண்ணொண்ணாச் சொன்னா. சுவத்துல மோதினது, தட்டை வீசினது, கதவு, கொக்கி. அழாம, அவசரப்படாம, இழை எடுத்துக் குடுக்கற மாதிரி சொன்னா. நான் பாத்தேன்னு சொல்ல வேண்டிய இடத்துலயெல்லாம் நான் பாத்தேன்னு சொன்னேன். கூடப் பொறந்தவனுக்கு எதிரா சாட்சி சொல்றியான்னு யாராச்சும் கேட்டா கேக்கட்டும், என்கிட்ட பதில் இருக்குது.

எழுதி முடிச்சுப் பேனாவை நீட்டினாங்க. "பத்தாவது படிச்சவங்கதானே? கையெழுத்து போடுங்க."

பரிமளா பேனாவை வாங்கினா. விரல் இடுக்குல வெச்சா. நழுவி விழுந்துச்சு. மறுபடியும் எடுத்தா. மறுபடியும் விழுந்துச்சு. அச்சடிச்ச மாதிரி எழுதினவ.

"கைநாட்டு வெச்சிடறேன் மேடம்"னா.

கான்ஸ்டபிள் மைப் பெட்டியை எடுத்தாங்க. பொம்பளைங்களுக்குக் கைநாட்டு வலது கையிலதான். மடங்காத அந்த விரலை மையில வெச்சு, பேப்பர்ல அழுத்தினா. வலி தாங்காம உதட்டைக் கடிச்சிகினு அழுத்தினா. எடுத்ததும் நாங்க எல்லாரும் குனிஞ்சு பாத்தோம். ரேகை பாதியில வெட்டுப்பட்டு, ரெண்டு துண்டா கோணலா விழுந்திருந்துச்சு.

"சரியா விழலியே, இன்னொண்ணு வெக்கட்டுமா?"ன்னு கேட்டா பரிமளா.

கான்ஸ்டபிள் பேப்பரைத் தன் பக்கம் இழுத்துகினாங்க. "வேணாங்க. சரியாத்தான் விழுந்திருக்குது."

கிரண் தன் சட்டை முனையால அம்மா விரல்ல இருந்த மையைத் துடைச்சான். நோகாம, மெதுவா துடைச்சான்.